குதிக்காத நாளுக்கும் காசு

நான் விமானத்திலிருந்து குதிக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியவந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, “ஒரு தடவை குதிக்க எவ்வளவுடா?” 30 டாலர் என்றேன். மனசுக்குள் ரூபாயாக மாற்றியிருப்பார் போல, போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “காசு குடுத்து யாராவது மேல இருந்து விழுவாங்களா? நம்ம மொட்டை மாடியில இருந்து குதி, சும்மாதான்” என்றார்.

நியாயமான பேச்சுதான். ஒஹாயோவில் ஒரு ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. மனைவியின் விசாவில் அவள் வேலைக்குப் போக முடியாது. பையன் இரண்டாம் வகுப்பு. ஸ்கைடைவிங்குக்கு என்று ஆண்டுக்கு 2,000 டாலர் வீட்டில் பேசி ஒதுக்கியிருக்கிறோம். ஒருமுறை சாமான் வாங்கியது தவிர, அதைத் தாண்டி ஒரு டாலர் கிடையாது. இந்த விளையாட்டில் அது சில்லறை. என்னோடு விமானம் ஏறுகிறவர்களில் ஒரே வார இறுதியில் 20 முறை குதிக்கிற ஆட்கள் உண்டு. நான் ஆண்டு முழுக்கச் சேர்த்து 40. நான்கு சீசனாக இப்படித்தான். இந்த நாற்பதை வைத்துக்கொண்டு கைப்பழக்கமும் போகாமல், காலும் உடையாமல் ஓட்டுவது எப்படி என்பதுதான் நான்கு வருஷமாக என் கணக்கு. அதில் ஒரு முறை தப்புக் கணக்குப் போட்டுக் காலையும் உடைத்துக்கொண்டேன்.

குதித்து இறங்கும் மைதானத்துக்கு டிராப் ஸோன் என்று பெயர். அங்கே புதிதாக யார் வந்தாலும் “கரன்ட்டா இருக்கியா?” என்று கேட்பார்கள். பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கிறதா, கடைசியாக எப்போது குதித்தாய் என்று பொருள். அமெரிக்கப் பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ. இதற்கு ஒரு அளவு சொல்கிறது. 25 முறை குதித்துப் பெறுகிற ஏ உரிமக்காரர் 60 நாள் குதிக்காமல் இருந்தால், அடுத்த முறை பயிற்றுநர் மேற்பார்வையில்தான் குதிக்க வேண்டும். 50 குதித்துப் பெறும் பி உரிமத்துக்கு 90 நாள். சி, டி உரிமக்காரர்களுக்கு 6 மாதம். ஒஹாயோவில் நவம்பர் பாதியில் எங்கள் சின்ன டிராப் ஸோன் மூடினால் ஏப்ரலில்தான் திறக்கும். நான் பி உரிமக்காரன். வருஷா வருஷம் குளிர்காலம் என்னைத் திரும்பவும் பாதி மாணவனாக்கிவிட்டுத்தான் போகிறது.

இதில் வேடிக்கை, ஆயிரம் முறை குதித்தவர் நான்கு மாதம் இடைவெளி விட்டால் கை தானாக வேலை செய்யும். நாற்பது குதித்தவனுக்கு மூன்று வாரமே அதிகம். காசில்லாதவனுக்குத்தான் இடைவெளியும் நீளம், ஞாபகமும் குறைவு.

அந்தக் கால் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது சீசன், ஜூலை மாதம், என் 38வது குதி. பத்து டிக்கெட்டை மொத்தமாக வாங்கினால் கொஞ்சம் தள்ளுபடி என்று வாங்கி வைத்திருந்தேன். வீட்டிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் காரோட்டிப் போனேன். காலையிலிருந்து காற்று. தரையில் 17 மைல் வேகம், இடையிடையே 22. பழைய ஆட்கள் மூன்று பேர் கொட்டகை ஓரமாக நாற்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆயிரம் முறை குதித்தவன் உட்கார்ந்திருக்கிறான், 37 முறை குதித்தவன் ஹார்னஸ் மாட்டுகிறான். அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைத்ததெல்லாம் பெட்ரோல் காசும் வாங்கிய டிக்கெட்டும்தான். இன்றைக்கும் சும்மா திரும்பினால் மனைவி என்ன நினைப்பாள் என்பது வேறு.

மேலே எல்லாம் சரியாகவே நடந்தது. பாராசூட் நன்றாக விரிந்தது. இறங்கும்போது காற்று என்னை முன்னால் போக விடவில்லை, கொட்டகைக்குப் பின்பக்கமாகப் போய்ச் சேர்ந்தேன். பலத்த காற்றில் கட்டிடத்துக்குப் பின்னால் காற்று சுழன்று கிடக்கும் என்பது வகுப்பில் படித்த பாடம். ஏறக்குறைய 30 அடி உயரத்தில் கேனபியின், அதாவது தலைக்கு மேல் விரிந்திருக்கும் பாராசூட் துணியின், இடப்பக்கம் தொய்ந்தது. விழப்போகிறோம் என்றதும் இடது கை தரையைத் தொட நீண்டது. கையில் இருந்தது பிரேக் கைப்பிடி. கை நீண்டால் அந்தக் கயிறும் இழுபடும், பாராசூட் அந்தப் பக்கமே திரும்பும். திரும்பியது. இரண்டு காலையும் சேர்த்து வைக்கவில்லை. கணுக்காலில் ஒரு சத்தம், விறகு ஒடிகிற மாதிரி.

எலும்பில் விரிசல், எட்டு வாரம் பூட்ஸ் கட்டு. காப்பீடு போக என் கையிலிருந்து போனது 1,840 டாலர். 61 முறை குதிக்கிற காசு! அந்தச் சீசன் அத்தோடு முடிந்தது. அடுத்த ஏப்ரலில் தொடங்கும்போது ஒன்பது மாத இடைவெளி.

மாணவர்கள் 14 மைலுக்கு மேல் காற்றடித்தால் குதிக்கக் கூடாது என்று யு.எஸ்.பி.ஏ. விதி இருக்கிறது. உரிமம் கைக்கு வந்ததும் அந்த விதி இல்லை, அவரவர் புத்திதான் எல்லை. எனக்கு அன்றைக்கு அந்தப் புத்தி இல்லை. அதனால் மாணவனின் எண்ணையே திரும்ப எடுத்துக்கொண்டேன். 14. கண்காட்சி மாதிரி எல்லாரும் பறந்துகொண்டிருந்தாலும் 15 என்றால் நான் உட்கார்ந்துவிடுவேன்.

எண்ணை வைத்துக்கொண்டால் மட்டும் போதவில்லை. காசு உறுத்துகிறதே, அதற்கு ஒரு வழி வேண்டும். மனைவிதான் கண்டுபிடித்தாள். சீசன் தொடங்கும்போதே 2,000 டாலரில் 300ஐ எடுத்து ஒரு கவரில் போட்டு, மேலே ‘வேண்டாம்’ என்று எழுதி ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். போய்க் குதிக்காமல் திரும்புகிற ஒவ்வொரு நாளும் அதிலிருந்து 30 டாலர் எடுத்து மூன்று பேரும் வெளியே சாப்பிடப் போவோம். குதிக்காததும் செலவுதான் என்று கணக்கில் முன்பே எழுதிவிட்டதால், கொட்டகை ஓரம் உட்கார்ந்திருக்கும்போது மனசு பழைய மாதிரி அரிப்பதில்லை. ஒருமுறை மேலே போய், கதவு திறந்து, கீழே மேகம் மூடியிருப்பதைப் பார்த்து விமானத்திலேயே இறங்கிவிட்டேன். எங்கள் ஊரில் ஏறியபின் டிக்கெட் காசு திரும்ப வராது. அன்றைக்கும் கவர்தான்.

சரி, மீதிக் காசை எங்கே போடுவது? 2023இல் அமெரிக்காவில் சுமார் 36 லட்சத்து 50 ஆயிரம் முறை குதித்திருக்கிறார்கள், இறந்தவர்கள் 10 பேர். ஆண்டுதோறும் விபத்து அறிக்கைகளைப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. பாராசூட் திறக்கவே இல்லை என்று வெளியே இருப்பவர்கள் பயப்படுகிற மாதிரி நடப்பது குறைவு. நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழே, தரைக்குப் பக்கத்தில், தாழ்வாகத் திரும்பி அடிபடுவதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அப்படியென்றால் பழக வேண்டியது அந்தக் கடைசி மூன்று நிமிஷம். நம் ஆட்களோ டிக்கெட் காசு முழுவதையும் முதல் ஒரு நிமிஷத்துக்குக் கொடுக்கிறோம்.

இங்கே ஏழைக்கு ஒரு அதிர்ஷ்டம். ‘ஹாப் அண்ட் பாப்’ என்று ஒன்று உண்டு. 5,000 அடியிலேயே வெளியே போய் உடனே பாராசூட்டைத் திறப்பது. விமானம் பாதி உயரம்தான் ஏறுகிறது, அதனால் எங்கள் ஊரில் 20 டாலர். கூட்டமாகக் கைகோத்து விழுகிறவர்களுக்கு இதில் சுவாரஸ்யம் இல்லை. எனக்கு என் நாற்பதில் பதினைந்து இதுதான். நான்காயிரம் அடியில் கேனபி தலைக்கு மேல் வந்துவிடும். அங்கிருந்து மெதுவாகத் தட்டையாகத் திரும்புவது, பின் ரைசரை, அதாவது தோளிலிருந்து பாராசூட் கயிறுகளுக்குப் போகும் பின்பட்டையை, பிடித்துத் திருப்புவது, உயரத்திலேயே இரண்டு மூன்று முறை ஃப்ளேர் செய்து, அதாவது இரண்டு பிரேக்கையும் சேர்த்து இழுத்து, எந்த இடத்தில் கை வரும்போது நிற்கிறது என்று பார்ப்பது. பிறகு 1,000 அடியில் காற்றோடு, 600இல் குறுக்காக, 300இல் காற்றை எதிர்த்து. பி உரிமத்துக்கு இலக்கிலிருந்து 10 மீட்டருக்குள் பத்து முறை இறங்கிக் காட்ட வேண்டும். அந்தப் பத்தையும் இந்த மலிவு டிக்கெட்டில்தான் முடித்தேன். என்றைக்காவது எஞ்சின் கோளாறில் தாழ்வாக வெளியேற வேண்டி வந்தால், வேகமில்லாத விமானத்திலிருந்து நிலைகுலையாமல் போகவும் இது பழக்கும்.

சாமான் விஷயத்தில் சிக்கனம் இன்னும் ஆபத்தானது. முதல் சீசன் முடிவில் ஒருவர் தன் பழைய ரிக்கை, அதாவது பாராசூட்டோடு முதுகில் மாட்டும் பை முழுவதையும், 1,900 டாலருக்குத் தருவதாகச் சொன்னார். கருப்பும் சிவப்பும், புத்தம் புதிசு மாதிரி இருந்தது. உள்ளே 135 சதுர அடி கேனபி. “ஒரு வருஷத்துல பழகிடும்” என்றார். நானும் ஏறக்குறையத் தலையாட்டிவிட்டேன். நல்லவேளை, எங்கள் ரிக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டேன். ரிக்கர் என்றால் பாராசூட் மடிக்கவும் பழுது பார்க்கவும் அரசு உரிமம் பெற்றவர். எழுபது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். என் எடையைக் கேட்டார். 150 பவுண்டு. சாமான் 25 பவுண்டு. மொத்தம் 175. மேசை மேலிருந்த ரசீதின் பின்பக்கம் 175ஐ 135ஆல் வகுத்தார். 1.3 வந்தது. பக்கத்தில் 175ஐ 190ஆல் வகுத்தார். 0.92. இரண்டாவது எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு ரசீதை என்னிடம் நகர்த்தினார். அவ்வளவுதான் பேச்சு.

ஒரு சதுர அடிக்கு எத்தனை பவுண்டு என்பதுதான் அந்த எண். ஏறினால் கேனபி வேகமாகும், திரும்பும்போது உயரத்தை அதிகம் தின்னும், தரையில் செய்கிற தப்பை மன்னிக்காது. புதியவர்கள் 1.0ஐத் தாண்ட வேண்டாம் என்று சொல்வார்கள். இரண்டாம் கையில் சின்னக் கேனபி சல்லிசாகக் கிடைக்கும். பெரியதுதான் கிடைக்காது, புதியவர்கள் எல்லாரும் அதையே தேடுவதால். இந்தச் சந்தை நம்மைத் தப்பான பக்கம்தான் தள்ளும். நான் ஐந்து மாதம் காத்திருந்து, வாடகை ரிக்கில் குதித்து, கடைசியில் 2,600 டாலருக்கு ஒரு 190ஐ வாங்கினேன். ஊதாவும் மஞ்சளும், வெளுத்துப்போய், பழைய பட்டாசுப் பெட்டி மாதிரி இருக்கும். பணம் கைமாறும் முன் அதே ரிக்கர் பிரித்துப் பார்த்துச் சொன்னார். முதல் பாராசூட் கைவிட்டால் உதவுகிற ரிசர்வ் பாராசூட்டின் அளவையும் பார்த்தார். முகப்பை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். நாம் மயங்கிக் கிடக்கும்போது நம்மைத் தானாகத் தரையிறக்கப்போவது ரிசர்வ்தான், அது கைக்குட்டை அளவில் இருந்தால் எப்படி?

மயக்கம் என்றதும் ஏ.ஏ.டி. ஞாபகம் வருகிறது. சுமார் 750 அடியில் இன்னும் மணிக்கு 78 மைலுக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வைப் பூட்டியிருக்கும் கயிற்றைத் தானே வெட்டிவிடும் சின்னக் கருவி. ஜெர்மானியரான ஹெல்முட் குளோத் 1991இல் கொண்டுவந்த சைப்ரஸ்தான் இதைப் பரவலாக்கியது. இதற்கு ஆயுள் வரம்பு உண்டு. எனவே பழைய ரிக்கின் விலையில் ஏ.ஏ.டி.க்கு மிச்சம் எத்தனை வருஷம் என்று பார்த்து வகுத்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் நான்கு இருந்தது.

ரிசர்வை 180 நாளுக்கு ஒருமுறை ரிக்கர் பிரித்து மடித்து முத்திரை வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். 2008 வரை 120 நாளாக இருந்தது. எனக்கு ஒரு தடவைக்கு 90 டாலர். ஏப்ரல் 15 மடித்து வாங்கினால் அக்டோபர் 12 வரை ஓடும், ஆண்டுக்கு ஒருமுறைதான் செலவு. இதில் நஷ்டம் என்னவென்றால் ஒஹாயோவில் இலைகள் நிறம் மாறி, மேலிருந்து பார்த்தால் பூமி முழுக்கக் குங்குமமும் மஞ்சளும் கொட்டியது போலத் தெரிவது அக்டோபர் மூன்றாவது வாரம். மூன்று வருஷம் அந்த வாரத்தைத் தரையிலிருந்தே பார்த்தேன். ஒரு நாள் தாண்டினாலும் தாண்டியதுதான். “ஒரு வாரம்தானே” என்று சொல்கிற நண்பர்களும் உண்டு, அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

பாராசூட்டை நானே மடிக்கிறேன். மடித்துத் தருகிறவருக்கு ஒவ்வொரு முறையும் 8 டாலர், அது மிச்சம். ஆரம்பத்தில் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன், இப்போது இருபது நிமிஷம். அடுத்தவருக்கு மடித்துக் கொடுத்து அதில் வருகிற காசில் குதிக்கிற பையன்கள் நிறைய. என்னைப் போல எச்-1பி வேலை விசாவில் இருக்கிறவர்களுக்கு அந்த வழி அடைப்பு. காசுக்குப் பதில் டிக்கெட்டாகக் கொடுத்தாலும் அது ஊதியம்தான். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மடிக்கும்போது நான் நின்று பார்க்கும் இடங்கள் இரண்டு. முதலாவது பைலட் சூட், முதலில் காற்றில் போய் மீதியை இழுத்து வெளியே கொண்டுவரும் குட்டிப் பாராசூட். அதன் நடுக்கயிற்றை இழுத்து விடாமல் மடித்துவிட்டால் அது காற்றைப் பிடிக்காது, பின்னால் துணி மாதிரி ஆடிக்கொண்டே வரும். இணைப்புப் பட்டையில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. அதில் நிறக் கயிறு தெரிந்தால் சரி. தெரிகிறது என்று வாய்விட்டுச் சொல்வேன், பக்கத்தில் யார் இருந்தாலும். இரண்டாவது, மூடும் கயிறு. விரல் நீளம்கூட இல்லை, காசு என்று சொல்ல ஒன்றுமில்லை. அது பிசிறடித்திருந்தால் பை விமானத்துக்குள்ளேயோ கதவு ஓரத்திலேயோ திறந்துகொள்ளும். பிசிறைப் பார்த்தால் அன்றே மாற்றிவிடுவேன். மாதம் ஒருமுறை தோளிலுள்ள மூன்று வளையங்களைக் கழற்றி, பட்டையை வளைத்து நெகிழ்த்தி, மஞ்சள் கேபிளைத் துடைத்து மறுபடி மாட்டுவேன். பில் பூத் 1970களில் கண்டுபிடித்த பொறி இது. கெட்டுப்போன பாராசூட்டை ஒரே இழுப்பில் கழற்றிவிடுவது இதுதான். பராமரிக்கக் கால் மணி நேரம், செலவு இல்லை.

காற்றுக் குழாயில் பறக்கிற உள்ளரங்கப் பயிற்சி பற்றிக் கேட்பார்கள். 15 நிமிஷத்துக்கு 200 டாலருக்கு மேல். கீழே விழும்போது உடம்பை வைத்திருக்கப் பழக நல்லதுதான், நிமிஷக் கணக்கில் பார்த்தால் மலிவும்கூட. எனக்குத் தரையிறங்கத்தான் பயிற்சி தேவை. இரண்டு முறை போனேன், போதும்.

குளிர்காலம் முழுக்க எங்கள் வரவேற்பறைதான் டிராப் ஸோன். பையனின் பழைய பள்ளிப் பையில் வலப்பக்கம் சிவப்புத் துணிப் பிடி, இடப்பக்கம் ஒரு இரும்பு வளையம் தைத்து வைத்திருக்கிறேன். வலது பிடி கெட்ட பாராசூட்டைக் கழற்ற, இடது ரிசர்வைத் திறக்க. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அதை மாட்டிக்கொண்டு நிற்பேன். மனைவி சோபாவில் உட்கார்ந்து சீட்டுக்கட்டு மாதிரி அட்டைகளைக் கலைப்பாள். ஒவ்வொன்றிலும் ஒரு கோளாறு.

“கயிறு முறுக்கிக்கிச்சு.”

“உயரம் பாக்குறேன். காலை உதைச்சுப் பிரிக்கிறேன். 1,800 அடிக்குள்ள பிரியலைன்னா கழட்டிட்டு ரிசர்வ்.”

“பை வெளியே வந்துச்சு, திறக்கல.”

“கழட்டு, ரிசர்வ்.” கை இரண்டும் போய் வரும்.

“ரெண்டு பாராசூட்டும் வெளியே. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு.”

“கழட்டக் கூடாது. மெதுவாத் திருப்பி இறங்கணும்.”

“ரெண்டும் எதிரெதிர்ப் பக்கமாத் தரையைப் பாத்து இழுக்குது.”

“கழட்டு.”

“ஒண்ணுமே வரலை.”

நான் சிவப்புப் பிடியைப் பார்த்தேன். அப்புறம் இரும்பு வளையத்தைப் பார்த்தேன். “நேரா ரிசர்வ்.”

“ரெண்டு செகண்ட் யோசிச்சீங்க,” என்றாள். “எத்தனை அடி?”

350. மணிக்கு 120 மைல் வேகத்தில் ஒரு செகண்டுக்கு 175 அடி. அவளுக்கும் இது மனப்பாடம். விமானத்தின் கதவைத் தொட்டதுகூட இல்லை, என்னைவிட நன்றாக வகுப்பெடுப்பாள். அன்றைக்கு அந்த அட்டையை அவள் மறுபடி மறுபடி எட்டு முறை போட்டாள்.

மார்ச் இரண்டாவது சனிக்கிழமை பாதுகாப்பு நாள் நடக்கும். எங்கள் ஊரில் கட்டணம் இல்லை, காபியும் டோனட்டும் வேறு. கூரையில் தொங்கவிட்ட ஹார்னஸில் ஒவ்வொருவரையும் மாட்டி, கண் முன்னே படத்தைக் காட்டி, இழுக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஏப்ரலில் முதல் குதி பயிற்றுநரோடு, ஹாப் அண்ட் பாப். சின்ன செஸ்னா 182இல் நான்கு பேர் முட்டியை மடக்கி உட்கார்ந்து போவோம். இந்த வருஷம் கதவு திறந்ததும் நாக்கு வறண்டது. நூறு தாண்டியும் வறள்கிறது. வலது பிடி, இடது பிடி, இரண்டையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பயிற்றுநர் சிரித்தார். “குளிர்காலம் நல்லாப் போச்சு போல,” என்றார்.

இந்த வருஷம் இரண்டாவது முறை ரிசர்வ் மடிக்க 90 டாலர் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அக்டோபர் மூன்றாவது வாரத்துக்கு.

நேற்று வெள்ளிக்கிழமை. சனிக்கிழமைக்கு எல்லாம் எடுத்து வைத்து, தயிர்சாதம் கட்டச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பையன் என் போனை எடுத்து வானிலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இப்போது மழை, வெயிலெல்லாம் பொருட்டில்லை. நேராகக் காற்று வேகத்துக்குத்தான் போவான். சத்தம் போட்டுக்கொண்டே அடுக்களைக்கு ஓடினான்.

“அம்மா, நாளைக்குக் காத்து பதினெட்டு! பீட்சா!”